ஊஞ்சல் சரமும் ஒஹாயோ டோரதியும்

நீரஜாவுக்கு வேலை போனதற்குக் காரணம் கம்ப்யூட்டர். அதனால் அந்தக் கம்ப்யூட்டரை வைத்தே பிழைப்பது என்று முடிவு செய்தாள். இதைப் பழிவாங்கல் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "சுயதொழில்" என்று திருத்துவாள்.

கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் தையல் டீச்சராக இருந்தவள். தொண்ணூற்றேழில் தையல் வகுப்பு நடந்த அறைக்கு எட்டு கம்ப்யூட்டரும் ஒரு ஏசியும் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டருக்கு வேர்க்குமாம். பதினெட்டு வருஷம் நீரஜாவுக்கு வேர்த்தபோது ஒரு டேபிள் ஃபேன் வாங்கக்கூட யாரும் கையெழுத்துப் போடவில்லை. வழியனுப்பு விழாவில் பள்ளிக்கூடத் தாளாளர் ஒரு சந்தன மாலையைப் போட்டு, "இந்தக் காலத்துல குரோஷாவெல்லாம் யாருக்கும்மா வேணும்?" என்று அன்பாகக் கேட்டார்.

அமெரிக்காவுக்கு வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து, லஸ் முனையில் ஹம்மாத் நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தாள். இன்டர்நெட்டில் ஒரு ஏலக் கடை இருந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம். கொக்கி ஊசியை வைத்துக் கையால் பின்னிய பழைய குரோஷாவுக்காக அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். மைலாப்பூரிலோ வீட்டுக்கு வீடு அது பெட்டியில் பூச்சி உருண்டையோடு தூங்கியது. ரேடியோவுக்குச் சட்டை, டெலிபோனுக்குப் பாவாடை, ஓரத்தில் மணி கோத்த பால் செம்பு மூடி என்று நீரஜா ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். ஹம்மாத்தின் ஸ்கேனர் கண்ணாடிமேல் விரித்து, பின்னால் கறுப்பு ரவிக்கைத் துணியைப் போட்டுப் படம் எடுத்தாள்.

அவளுக்குக் கண் இருந்தது. அதை மறுக்க முடியாது. எதைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்புவாள். முடிச்சையும் நூலின் முறுக்கையும் பார்ப்பாள். நிஜமாகவே வயதால் வந்த மஞ்சள் என்றால் மடிப்புகளில்தான் அதிகம் இருக்கும் என்பாள். தி. நகரில் ஒரு வியாபாரி ஐம்பது வருஷத்துப் பழசு என்று ஒரு மேஜை விரிப்பைக் காட்டியபோது அதை முகர்ந்து பார்த்து, "டிகாக்ஷன்ல முக்கியிருக்கேள். சிக்கரி ஜாஸ்தி" என்று திருப்பிக் கொடுத்தாள். மந்தைவெளியில் ஒரு மாமி, வெள்ளிக் குங்குமச் சிமிழ்களுக்குப் பரம்பரை பரம்பரையாக மாட்டிவரும் ஆறு குட்டித் தொப்பிகளைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தாள். அவை வெள்ளைக்காரர்கள் அவித்த முட்டை ஆறாமல் இருக்க அதன் தலையில் மாட்டுகிற தொப்பிகள். மாமியிடம் மூச்சு விடவில்லை. ஏலத்தில் மட்டும், "முட்டைத் தொப்பி, ஒரு முட்டையையும் பார்க்காதது" என்று உள்ளதை எழுதினாள். வீட்டில் மூன்று நாள் சிரித்தாள்.

அந்த ஏலக் கடையில் ஒரு வழக்கம். வாங்கியவர் விற்றவரைப் பற்றி ஒரு வரி எழுதுவார். நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. உலகமே பார்க்கும், அழிக்க முடியாது. நீரஜாவுக்கு எண்பத்து மூன்று பச்சை, சிவப்பு ஒன்றுகூட இல்லை. "விஷயம் தெரிந்தவர்." "இவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." எல்லாவற்றையும் அச்செடுத்துக் கல்யாணப் பத்திரிகைக்கு மேலே, அதே ஃபைலில் வைத்திருந்தாள். பதினெட்டு வருஷத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் எழுதாததை முகம் தெரியாத எண்பத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நகையைக் கேட்டால்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பாள். அந்த ஃபைலில் ஒரு கீறல் விழுந்தால் உயிர் போய்விடும் அவளுக்கு.

இந்த நிலைமையில்தான் ஊஞ்சல் சரம் அவள் கைக்கு வந்தது.

அது அவள் புகுந்த வீட்டுச் சொத்து. இரண்டரை மீட்டர் நீளம், நாலு விரல் அகலம். இரண்டு முனையிலும் ஒரு முழத்துக்கு, தலைமுடி மாதிரி மெல்லிய நூறாம் நம்பர் நூலில் அன்னாசிப் பின்னல், அதன் கீழே பட்டுக் குஞ்சலம். அந்த வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் ஊஞ்சலின் மேல்கட்டையில் அதைக் கட்டி, குஞ்சலங்கள் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கவாட்டில் தொங்கும்படி விடுவார்கள். எழுபத்து நாலில் நீரஜாவும் அதன் அடியில்தான் உட்கார்ந்து, திருஷ்டி கழிக்கும் கலர் சாத உருண்டைகளான பச்சைப்பிடி சுற்றிக்கொண்டாள். சரம் இப்போது அடையாறில், அவள் கணவன் குருபிரசாத்தின் அக்கா ஸ்ரீலக்ஷ்மியிடம் இருந்தது. நீரஜா அதைப் பல வருஷமாகக் கேட்டுப் பார்த்து அலுத்திருந்தாள்.

அந்த வருஷம் ஸ்ரீலக்ஷ்மி தானே கூப்பிட்டுக் கொடுத்தாள். அவள் பெண் ஷ்ரேயா கலிஃபோர்னியாவில் ரிஜிஸ்டர் கல்யாணம் என்று சொல்லிவிட்டாளாம்.

"ஊஞ்சலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னுட்டா. இருபத்தேழு கல்யாணம் பாத்த சரம். அருமை தெரிஞ்சவா யாராவது வச்சுக்கட்டும், வித்துடு" என்றாள்.

நீரஜா எழுதிய வர்ணனை அவள் வாழ்க்கையிலேயே சிறந்தது. மைலாப்பூர் மணப்பெண்ணின் ஊஞ்சல் மாலை, சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. இரண்டு குஞ்சலங்கள், ஒன்றாகும் இரண்டு குடும்பங்கள். நடுவில் ஒன்றரை மீட்டர் வெறும் பின்னலாக இருந்ததே, அதுதான் கொஞ்சம் இடித்தது. யோசித்து, "பூ வேலை இல்லாத நடுப்பகுதி மணமகளின் அடக்கத்தைக் குறிக்கிறது" என்று எழுதினாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

ஏழு நாள் ஏலத்தில் ஒஹாயோவிலிருந்து டோரதி என்பவள் ஜெயித்தாள். அவள் உலகத்துக் கல்யாணப் பொருள்களையெல்லாம் சேர்க்கிறவள். பணம் தபாலில் வருகிறது என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் பகல் நீரஜா பார்சல் கட்ட சென்டருக்கு வந்தாள். ஹம்மாத்தின் அம்மா அஃப்சருன்னிசா மகனுக்குச் சாப்பாட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு மாதமாக வாணியம்பாடியில் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள். அவளும் குரோஷாக்காரி. தொழுகைத் தொப்பி பின்னுவதில் அவளை அடிக்க ராயப்பேட்டை வரைக்கும் ஆள் கிடையாது. அவள் டிபன் கேரியரை வைத்துவிட்டு மேஜைமேல் கிடந்ததைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, இது யாரோடது?"

"எங்காத்து ஊஞ்சல் சரம்."

"இன்னா சரம்?"

ஹம்மாத் வர்ணனையைத் தமிழில் படித்துச் சொன்னான். இரண்டு குடும்பங்கள் என்ற இடம் வந்தபோது அவள் உதட்டைக் கடித்தாள். அடக்கம் வந்தபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது.

"மன்னிச்சிக்கோங்க டீச்சரம்மா. இது இஜார்பந்து. பைஜாமா நாடா. ஆம்பளைங்க கட்டுறது."

"நாடாவுக்கு யாராவது நூறாம் நம்பர் நூல்ல அன்னாசி பின்னுவாளா?" நீரஜாவின் குரல் வகுப்பறைக்குப் போய்விட்டது.

"மாப்பிள்ளைக்குப் பின்னுவாங்க. கல்யாணத் துணியோட வச்சிக் குடுப்பாங்க. முனை ரெண்டும் குர்தாவுக்குக் கீழே தொங்கும், நாலு பேர் பாப்பாங்க. நடுவுல இருக்கிறது இடுப்புத் துணிக்குள்ள போயிடும். அத யாரு பாக்கப் போறாங்க? அதான் மொட்டையா வுட்டுட்டாங்க."

நீரஜா சரத்தைத் திருப்பினாள். நடுப்பகுதி முழுவதும் குறுக்குக் குறுக்காகச் சுருக்கம். துணிக்குள் நெருக்கி இழுத்துக் கட்டிய சுருக்கம். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி முடிச்சு போட்டுப் போட்டு நூல் தேய்ந்திருந்தது. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். ஊரிலுள்ள சாமானையெல்லாம் புரட்டிப் பார்க்கிறவளுக்கு, தான் மாலையும் கழுத்துமாக அடியில் உட்கார்ந்த இதை மட்டும் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"இது எப்படி எங்காத்துக்கு வந்தது?" என்றாள் ஈனக்குரலில்.

"உங்க வூட்டுல வக்கீலு யாராவது?"

"மாமனாரோட அப்பா."

"அப்போ சரி. கேஸ் ஜெயிச்ச நம்மாளு யாரோ சந்தோஷத்துல தன் கல்யாணத் துணி ஜோடியவே குடுத்திருக்காரு."

"பைஜாமா தரை தொடைக்கப் போயிருக்கும். நாடா ஊஞ்சல் ஏறிடுச்சி" என்றான் ஹம்மாத். அம்மா அவன் மண்டையில் ஒன்று வைத்தாள்.

சாயங்காலம் குருபிரசாத் பேங்கிலிருந்து வந்ததும் நீரஜா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"இருபத்தஞ்சு வருஷமா ஏதோ இறுக்கிண்டே இருக்கேன்னு பாத்தேன்" என்றான்.

"விளையாடாதீங்கோ. டோரதிக்கு என்ன பதில் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. அவ பாட்டுக்குச் செவுத்துல மாட்டிப்பா. அது நாடான்னு ஆணிக்கா தெரியப்போறது? எண்பத்து நாலாவது பச்சையை வாங்கி ஃபைல்ல போடு."

எளிதான யோசனைதான். நீரஜாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மந்தைவெளி மாமியின் முட்டைத் தொப்பி தொண்டையில் வந்து நின்றது. அந்த மாமியைப் பார்த்து அவள் சிரித்த மாதிரி, ஒஹாயோவில் விஷயம் தெரிந்த ஒருத்தி வந்து டோரதியைப் பார்த்துச் சிரிப்பாள். யாரும் சிரிக்காவிட்டாலும் நீரஜாவுக்குத் தெரியும். விஷயம் தெரிந்தவர் என்று எழுதிவைத்த ஃபைலில் அந்தப் பச்சையை எந்த முகத்தோடு செருகுவது?

காலையில் சென்டர் திறந்ததும் போய் மெயில் எழுதினாள். இது ஆண்கள் பைஜாமாவில் கட்டும் நாடா, ஏற்கெனவே கட்டியது, என் குடும்பம் எழுபது வருஷமாக இதைத் தவறாக ஊஞ்சலில் கட்டிவந்திருக்கிறது, அடக்கமும் இரண்டு குடும்பங்களும் என் சொந்தக் கற்பனை, பணம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன், மன்னிக்கவும். உள்ளதைச் சொன்னவளுக்கு டோரதி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவாள் என்று ஒரு மூலையில் நம்பிக்கையும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து வந்தது சிவப்பு. "மணமகளின் மாலை என்று ஆண்பிள்ளையின் கால்சட்டை நாடாவை விற்றார். தன் சரக்கே தனக்குத் தெரியாதவர்."

நீரஜாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. "அனுப்பறதுக்கு முன்னாடியே நான்தானேடா சொன்னேன்! சொன்னதுக்கா தண்டனை?" என்று ஹம்மாத்திடம் கத்தினாள். பிறகு, மூன்று பையன்கள் சாட் பண்ணிக்கொண்டிருந்த அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். பொய் சொல்லியிருக்கலாமோ என்றுகூட நினைத்தாள். ஹம்மாத் ஃபேனைக் கூட்டி வைத்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஸ்ரீலக்ஷ்மியின் ஞாபகம் வந்தது. ஒஹாயோவுக்குச் சொன்னதை அடையாறுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒஹாயோ தேவலை. அங்கே மெயிலோடு போயிற்று. இங்கே முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஸ்ரீலக்ஷ்மி முழுவதையும் அசையாமல் கேட்டாள். அவளும் அதன் அடியில் உட்கார்ந்தவள்தான்.

"நாடான்னா, உள்ள இருக்குமே, அதுவா?"

"ஆமாம் அக்கா."

"ஆம்பளையோடதா?"

"ஆமாம்."

"புதுசா, கட்டினதா?"

நீரஜா தலையைக் குனிந்துகொண்டாள். "கட்டினது."

ஸ்ரீலக்ஷ்மி சரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் வயிறு குலுங்கியது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நீரஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

"இருபத்தேழு கல்யாணம்டீ" என்றாள் மூச்சு வாங்கி. "ஒண்ணாவது அவுந்துதோ? நன்னாத்தான் கட்டியிருக்கான் புண்ணியவான்." பிறகு சரத்தை மடித்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இதை விக்க வேண்டாம். ஷ்ரேயாகிட்ட இந்தக் கதையைச் சொன்னா, ஊஞ்சல் வேணும்னு அவளே கேப்பா."

நீரஜா சிவப்பைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது மறுபடி கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஸ்ரீலக்ஷ்மி சமாதானம் சொல்கிற ஜாதி இல்லை.

"அவ எழுதினதுல என்ன தப்பு? உனக்குத் தெரியலை, தெரியலைன்னு எழுதியிருக்கா. எல்லாம் தெரியும்னு நீதானே மார்தட்டிண்டிருந்தே?"

பஸ்ஸில் மந்தைவெளி வரைக்கும் ஸ்ரீலக்ஷ்மியைத் திட்டிக்கொண்டே வந்தாள் நீரஜா. லஸ்ஸில் இறங்கும்போது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

சிவப்புக்குக் கீழே விற்றவர் ஒரே ஒரு வரி பதில் எழுத இடம் இருந்தது. ஹம்மாத் ஏற்கெனவே நாலைந்து யோசித்து வைத்திருந்தான். "அனுப்பறதுக்கு முன்னாடியே சொன்னேன்னு போடுங்க டீச்சர். இல்லாட்டி, அந்தம்மாவுக்கு நன்றி கெட்ட புத்தின்னு இங்கிலீஷ்ல நல்லா ஏத்தி வுடுங்க."

நீரஜா அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். "வாங்கியவர் சொல்வது சரி. எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்."

ஹம்மாத் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டீச்சர், இது போச்சின்னா அழிக்க முடியாது. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நீரஜா பொத்தானை அமுக்கினாள்.