வெங்காயத்துக்கு ஆறாவது இடம்

1.

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; பிறகு யாராவது கண்டுபிடித்து, நான் அதற்கு உத்தி என்று பெயர் வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்காது. மாசசூசெட்ஸின் மேற்கே, எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரப் ஊற்றிய பான்கேக் தின்னக் கூட்டம் அலைமோதும் ஒரு கடை உண்டு. அங்கே என் முதுகுக்குப் பின்னால் ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கேட்டாள்:

“அன்னிக்கு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னியே, அது நிஜந்தானேடி?”

மகள் சொன்னாள்: “அந்த சிரப்பை இப்படித் தள்ளும்மா.”

அவ்வளவுதான். பரிமாறுகிறவள் என் முட்டையைக் கொண்டுவந்து வைத்து, காப்பி இன்னும் ஊற்றவா என்று நீட்டி முழக்கி விசாரித்து, மீதியைக் கெடுத்துவிட்டாள். இருபது வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். இங்கே ‘கிளாஸ்’ என்றால் குன்றின் மேலிருக்கும் பெண்கள் கல்லூரிதான் என்பது எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: “மேப்பிள் இலைகள் மெல்லச் சிவக்கத் தொடங்கியிருந்த ஒரு—” வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அந்த இலையைத்தான் பொறுக்குகிறார்கள்.

இரண்டாவது: “காஷா நோவிக்கிக்குப் பதினெட்டு வயது. அவளுக்கு வானம் என்றால்—” என்றால் என்ன? உயிர் என்று எழுதப்போனேன். கை கூசிவிட்டது.

மூன்றாவது: “கல்லூரியிலிருந்து பட்டியல் வந்தது.” சுமாரான வாக்கியம்தான். ஆனால் வேலை நடக்கும்.

3.

கல்லூரியிலிருந்து பட்டியல் வந்தது. முதலாண்டுப் பெண்கள் ஆளுக்கொரு செமினார் எடுத்தே ஆகவேண்டும். அதை நடத்துகிறவரே இரண்டு வருஷத்துக்கு வழிகாட்டி. பிடித்த ஆறை வரிசைப்படுத்தி அனுப்பினால், கணினி மிகுந்த நீதியுணர்வோடு எல்லாரையும் ஏமாற்றும். எட்டுப் பேர் சேராத செமினார் ரத்து.

“சூனியக்காரிகள்: நேற்றும் நாமும்.” “தூக்கம்: முதலாளியத்தின் கடைசி எதிரி.” “மௌனம்: ஓர் எதிர்ப்பு” (இதில் வகுப்பில் பேசுவதற்குத் தனி மதிப்பெண்). தலைப்பின் நடுவே முக்காற்புள்ளி இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியில் யாரும் எதையும் அறிவு என்று ஒத்துக்கொள்வதில்லை. மொட்டையாக நின்றவை இரண்டே. ஒன்று, “இரவு வானம்”: பேராசிரியர் ஆக்னஸ் ஃபெர்ரன் ஓய்வு பெறுமுன் நடத்தும் கடைசி வகுப்பு. பள்ளியிலிருந்து கூட்டிப் போனபோது அந்தக் கல்லூரித் தொலைநோக்கியில் சனிக்கோளைப் பார்த்த நாளிலிருந்து காஷா காத்திருந்தது இதற்காகத்தான். இன்னொன்று, “வெங்காயம்.”

சிரிக்காதீர்கள். அதை நடத்துபவள் லூசில் நோவிக்கி, காஷாவின் அம்மா.

4.

லூசில் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருப்பவள். போன வருஷம் வெங்காயத்துக்கு ஆள் சேரவில்லை. இந்த வருஷமும் சேராவிட்டால் ஒப்பந்தமும் கிடையாது என்பதை டீன் ஆல்ட்ரிச் அம்மையார் இனிக்க இனிக்கச் சொல்லியிருந்தார்.

“தலைப்பு கொஞ்சம் வெறிச்சுனு இருக்கே, லூசில். ‘வெங்காயம்: உரித்தலின் அரசியல்’னு வெச்சா பொண்ணுங்க ஓடி வருவாங்க.”

“வெங்காயத்துல சரித்திரம் இருக்கு, ரசாயனம் இருக்கு, கண்ணீர் இருக்கு. இதுக்கு மேல அதுக்கு என்ன வால் வேண்டிக் கிடக்கு?”

(டீனைக் கொஞ்சம் அதிகமாகவே கெட்டவராக்கிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. ஈரமுள்ளவராகக் காட்ட ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்துப் பார்த்தேன். நாய்க்குட்டியும் கெட்டதாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.)

வீட்டுக்கு வந்த லூசில் மகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: “என் கிளாஸை நீ எங்கயும் எழுதக் கூடாது. பரிதாபப்பட்டு ஒருத்தி வந்தா, அது நீயா இருந்தாலும் சரி, எனக்கு அந்தக் கிளாஸே வேண்டாம்.”

“ஆள் சேரலேன்னா என்ன பண்ணுவே?”

“வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிப்பேன். இப்பவே என்ன கலெக்டர் உத்தியோகமா பார்க்கறேன்?”*

* அமெரிக்க அம்மா கலெக்டரைப் பற்றிப் பேசுவாளா என்று கேட்கிறவர்களுக்கு: அவள் பேசியது ஆங்கிலத்தில். கோபம் இதே அளவுதான் இருந்தது.

5.

புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் கல்லூரி ஓர் அக்காவை ஒதுக்கும். காஷாவுக்கு வாய்த்த அக்கா தியா, மூன்றாமாண்டு. எல்லாம் தெரிந்தவள். தொலைபேசியில் உபதேசம் செய்தாள்.

“இங்க பாரு குட்டி, வானத்தை எவளும் அடிச்சுக்கிட்டுக் கேக்க மாட்டா. அதை முதல்ல போடு, கண்ணை மூடிக்கிட்டுக் கிடைக்கும். ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் சூனியக்காரி, தூக்கம்னு எல்லாரும் முட்டி மோதறதைப் போடு, பார்க்க கௌரவமா இருக்கும். ஆறாவது இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல. அங்க என்ன வேணாலும் எழுதிக்கோ.”

காஷா ஆறாவதாக வெங்காயத்தை எழுதினாள். அம்மா கூடாது என்றிருந்தாள்தான். ஆனாலும் ஒரு மூலையிலாவது அம்மா இல்லாமல் அந்த வரிசையை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

அதோடு விட்டிருந்தால் எனக்குக் கதை இல்லை. புதுப்பெண்கள் செமினார்களை அலசிக்கொண்டிருந்த ஓர் அரட்டைக் குழுவுக்குள் பொலாரிஸ், அதாவது துருவ நட்சத்திரம், என்ற புனைபெயரில் அவள் நுழைந்தாள். “வெங்காயம் டீச்சரைப் பத்திக் கேள்விப்பட்டீங்களா?” என்று ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பிலேயே சமையல். பரீட்சை கிடையாது. ஒரு வெங்காயத்தை வைத்து ஓர் ஊரின் கதையையே சொல்லிவிடுவார். மூன்றில் இரண்டு பொய். மூன்றாவது நிஜம்.

சூனியக்காரிகளுக்கு முண்டியடிக்கிற கூட்டத்திலிருந்து பத்துப் பேரையாவது பிரித்துவிடலாம் என்பது கணக்கு. இங்கேதான் பெண்ணுக்குப் புத்தி மட்டாகிப் போனது. சூனியம் கேட்டு வருகிறவள் சூனியத்தைத்தான் கேட்பாள். அவளிடம் போய் வெங்காயம் விற்க முடியுமா? மனசு மாறியவர்கள் வேறு பெண்கள். கூச்ச சுபாவம், கூட்டம் ஆகாது, மொட்டைத் தலைப்புத்தான் பிடிக்கும், அப்படிப்பட்டவர்கள். அவர்கள் எல்லாருமே முதலிடத்தில் இரவு வானத்தை எழுதி வைத்திருந்தவர்கள்.

6.

முடிவு வந்தது. வெங்காயத்துக்குப் பன்னிரண்டு பேர். இரவு வானத்துக்கு ஏழு பேர், ரத்து. பேராசிரியர் ஃபெர்ரன் கடைசி வகுப்பு இல்லாமலே ஓய்வு பெறுவார். இரண்டிலிருந்து ஐந்து வரை தியா சொன்ன கௌரவமான செமினார்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. வரலாற்றிலேயே யாருக்கும் கிடைக்காத அந்த ஆறாவது காஷாவுக்குக் கிடைத்தது.

டீனிடம் ஓடினாள்.

“என் அம்மா கிளாஸ்ல நான் எப்படி மேடம் உக்கார்றது? ரெண்டு வருஷத்துக்கு அம்மாவே என் வழிகாட்டியா?”

“நாங்க இதைக் குடும்பம்னு பார்க்கிறதில்ல, காஷா. கற்றல் சமூகம்னு பார்க்கிறோம்.”

“வானத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் குறையுது. எப்படியாவது சேர்த்துடறேன்.”

“கொள்கைன்னா கொள்கைதாம்மா. வானம் எங்க போகப்போகுது? அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.”

கார் நிறுத்துமிடத்தில் நின்று காஷா அழுதாள். இதற்கு நான்கைந்து அலங்காரங்கள் யோசித்து வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டதற்காக விக்கி விக்கி அழுதாள்.

வீட்டிலோ லூசில் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். “பன்னிரண்டு பேருடி. முக்காற்புள்ளி இல்லாம. அந்த ஆல்ட்ரிச் மூஞ்சியைப் பார்க்கணுமே” என்றாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி, “உனக்கு வானம் போச்சேன்னு எனக்கும் ஆறலை, கண்ணு. ஆறாவதா என்னை எழுதினதுக்கு இன்னொரு நாள் திட்டறேன்” என்றாள்.

7.

முதல் நாள். லூசில் பலகையில் “வெங்காயம்” என்று எழுதினாள். அதற்குப் பின் வேண்டுமென்றே நிறைய இடம் விட்டாள். அந்தக் கல்லூரியில் முதல் வகுப்பு என்றால் வட்டமாக உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, இந்த வகுப்புக்கு ஏன் வந்தேன் என்று ஒவ்வொருத்தியும் வாயைத் திறந்தாக வேண்டும். தப்பிக்க வழியில்லை.

மூன்றாவது பெண் சொன்னாள்: “எனக்கு இது தோணவே இல்ல. குழுவுல பொலாரிஸ்னு ஒருத்தி எழுதியிருந்தா. அதைப் படிச்சதும் இந்த டீச்சரைப் பார்த்தே ஆகணும்னு தோணிச்சு.”

“நானும்” என்றாள் அடுத்தவள். அதற்கடுத்தவளும் தலையாட்டினாள்.

“யாரது பொலாரிஸ்?” என்று லூசில் சிரித்தாள். “அவளுக்கு என் கையால ஒரு வெங்காய சூப் வெச்சுக் குடுக்கணுமே.”

சொல்லி முடித்ததும் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. அவள் வீட்டில், மாடியறைக் கூரை முழுக்க, இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கின்றன. ஒட்டியவளின் முறை இப்போது வந்திருந்தது.

“நீ ஏன் இந்த கிளாஸுக்கு வந்தே?” என்று கேட்டாள் டீச்சர்.

நான் எழுதி வைத்திருந்த முடிவுகள்:

(அ) காஷா உள்ளதைச் சொல்கிறாள். லூசில் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போகிறாள். (நாடகம். அவளுக்கு வேலை வேண்டும், போகமாட்டாள்.)

(ஆ) பேராசிரியர் ஃபெர்ரன் கதவைத் திறந்துகொண்டு— (இல்லை. இந்தக் கதைக்கு வர அவருக்கு என்ன தலையெழுத்து?)

(இ) “நான் விரும்பிக் கேட்டுத்தான் வந்தேன்” என்கிறாள் காஷா. “எனக்கு வேற எதுவும் வேண்டாம்னுதான் தோணிச்சு.”

(இ)யை வைத்துக்கொள்கிறேன். பான்கேக் கடையில் அம்மா கேட்ட கேள்விக்கு அதுதான் பொருந்துகிறது.

8.

அந்தக் கேள்விக்குப் பதில் என்ன? நிஜம் என்றால் அம்மா நம்புவாளா? இல்லை என்றால், பரிதாபப்பட்டு ஒருத்தி வந்தாலும் கிளாஸே வேண்டாம் என்றவளின் அந்தப் பன்னிரண்டு பேர் என்ன ஆவார்கள்? மீதியை நானே முடித்திருப்பேன், திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால். காசு கொடுத்துவிட்டு எழுந்தபோது ஒருமுறை திரும்பினேன். இது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.

மகள் தட்டில் ஒரு பக்கம் பான்கேக், இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கு வறுவல். வறுவலிலிருந்து வெங்காயத்தை மட்டும் ஒன்று விடாமல் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே அம்மா அந்த ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

சிரப் புட்டி இன்னும் தள்ளப்படவில்லை. அது இப்போது உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீங்களே தள்ளிவிட்டு, மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிளம்புகிறேன்.