கீழே போட்டாலும் உடையாதது

விழுப்புரம் நேருஜி ரோட்டில் அந்த மருந்துக் கடைக்காரர் பிளாஸ்டிக் பால் பாட்டில் ஒன்றை எடுத்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொப்பென்று தரையில் போட்டார். அது இரண்டு தரம் துள்ளி என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து கிடந்தது.

"பாத்தியாம்மா? கீழ போட்டாலும் ஒண்ணும் ஆவாது. கொழந்த இருக்கற ஊட்டுக்கு இதான் சரி. கண்ணாடியெல்லாம் சும்மா ஷோவுக்கு."

அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். பால் பாட்டில் வாங்க வருகிற ஆம்பளையை எந்தக் கடைக்காரர் மதித்திருக்கிறார்? ஆனால் கண்ணாடி வேண்டும் என்று கேட்டது என் வீட்டுக்காரர்தான். இடுப்பில் பாப்பாவை வைத்துக்கொண்டு, கடைக்காரர் தன்னைப் பார்க்கட்டும் என்று பொறுமையாக நின்றார். அவர் பெயர் சவுரிராயன். மாமா என்று கூப்பிடுவேன், கோபம் வந்தால் யோவ்.

பத்து வருஷம் குடித்தவர். நான் ஐந்து மாதம் கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் பாட்டிலை என் தலைக்கு மேலே சுவரில் அடித்து உடைத்தார். மறுநாள் காலையில் அவர் அண்ணனும் என் தம்பியும் திண்டிவனத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நாற்பத்தைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். மையத்தில் இருந்த நாளையும் சேர்த்து, இந்தக் கடைக்கு வரும்வரை பதினோரு மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. கண்டமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொஞ்ச தூரம் போனால் பாண்டிச்சேரி பார்டர். பார்டரைத் தாண்டினதும் வரிசையாகச் சாராயக் கடை. அதையெல்லாம் மீறி ஒருத்தர் நிற்கிறார் என்றால் நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் மனசு அப்படி உடனே போய்விடுகிறதா?

குடியை விட்டாலும் கை நடுக்கம் அவரை விடவில்லை. காலையில் டீ டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பும். போகப் போகக் குறையும் என்று திண்டிவனத்தில் சொன்னார்களாம். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டினவர், இந்தக் கையைப் பார்த்துவிட்டு யார் வண்டி கொடுப்பார்கள்? எனக்கோ பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காண்ட்ராக்ட் ஆள்தானே, பாப்பாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே, வருகிறாயா, வேறு ஆளைப் போடட்டுமா என்று சூப்பர்வைசர் போன் செய்துவிட்டார். என் அம்மாவும் இல்லை, அவர் அம்மாவும் இல்லை. நான் கம்பெனிக்குப் போக, பாப்பா அவர் கையில் வந்தது. ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் வந்து ஒருநாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொன்னால் என்னைவிட அவர்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டார். தடுப்பூசி போடுகிற நாளில் பொம்பளைகள் வரிசையில் அவர் ஒருத்தர் மட்டும் லுங்கியோடு நிற்பார். அங்கேதான் நர்சம்மா எங்கள் பழைய பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திட்டியிருக்கிறார். பாட்டிலே கூடாது, கிண்ணத்தில் ஸ்பூனால் கொடு. பாட்டிலில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக்கில் ஊற்றாதே, கண்ணாடி வாங்கு என்று. தினமும் வேகவைத்து வேகவைத்து அந்தப் பாட்டில் வெளுத்துப் போயிருந்தது. எவ்வளவு கழுவினாலும் உள்ளே ஒரு புளித்த வாசனை நிற்கும். பாப்பாவுக்கு அந்த மாதம் இரண்டு தரம் வயிற்றுப்போக்கு வேறு. அன்றையிலிருந்து இதே பேச்சுதான்.

"கண்ணாடில வாங்கிடலாம் வாணி. நல்லா வெந்நில போட்டு எடுக்கலாம், வாசன நிக்காது."

"கண்ணாடி ஒடையும் மாமா."

"யாரு கையில ஒடையும்?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மாதா கோயிலில் பூசை முடிந்து விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

கடையில் கண்ணாடி பாட்டிலை அவர் கையில் கொடுத்ததும் பாப்பாவை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். தூக்கிப் பார்த்தார். நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். 'கிண்' என்று ஒரு சத்தம். அவர் முகத்தில் சந்தோஷம். நான் அந்தச் சத்தத்தில் பாப்பாவின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டேன். "ரெண்டு குடுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டில் இரண்டும் இடித்துக்கொண்டு சத்தம் போட்டன. முன் சீட்டிலிருந்து எங்கள் தெரு நடராசன் திரும்பினார். ஒரு காலத்தில் இவரோடு சேர்ந்து பார்டருக்குப் போனவர்.

"இன்னா சவுரி, பொண்டாட்டிய பக்கத்துல வெச்சிக்கினே ரெண்டு பாட்டிலா?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கொஞ்சமும் கோபப்படாமல் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து, மேலே ரப்பர் காம்பைக் காட்டினார். "ஃபுல்லுதான்ணே. மூடி மட்டும் வேற." எல்லோரும் சிரித்தார்கள். நடராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இவரும் சிரித்தார். நான் பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்தேன்.

வந்த அன்றைக்கே தன் பழைய சாக்ஸ் ஒரு ஜோடியைத் துவைத்து, பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, பாட்டிலுக்குச் சட்டை மாதிரி போட்டுவிட்டார். வழுக்காமல் இருக்கும் என்றார். வேகவைக்கும்போது சட்டியின் அடியில் துணி விரித்து, மேலே பாட்டிலைச் சாய்த்து வைப்பார். ஆறினதும் ஒவ்வொன்றாகத் தட்டில் கவிழ்ப்பார். கம்பெனிக்குக் கிளம்பும்போது இதை ஓரக்கண்ணால் பார்ப்பேன். மனசார ஒரு நாளாவது, நல்லாச் செய்யறே மாமா என்று சொல்லியிருக்கலாம். கவனமா செய்யி என்றுதான் வாயில் வந்தது. இரண்டு மாதம் ஒரு கீறல் விழவில்லை. பாப்பாவுக்கு வயிறும் சரியானது.

கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு எடுத்தபோது பக்கத்து வீட்டு கெங்கம்மாள் அக்கா நான்கு தரம் கூப்பிட்டிருந்தது. எப்போதும் கூப்பிடாத ஆள். உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

"எம்மா வாணி, உன் ஊட்டுக்காரன் பாட்டில ஒடச்சிட்டான்மா. ஊடெல்லாம் ரத்தம். கொழந்த கத்திக்கினே கீது. ஜல்தியா வா."

அவ்வளவுதான், அந்தப் பக்கம் பாப்பா அலறுகிற சத்தத்தோடு போன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. இவருக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

எங்கள் வீட்டில் இன்னொரு வகைப் பாட்டில் இருக்கிறது என்று எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை. அந்த வார்த்தைக்கு என் காதில் ஒரே அர்த்தம்தான். ஒடச்சிட்டான் என்றால் குடிக்கிறவர்கள் பாஷையில் மூடியைத் திறந்துவிட்டான் என்றும் அர்த்தம், சுவரில் அடித்துவிட்டான் என்றும் அர்த்தம். இரண்டுமே எனக்குத் தெரியும். சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் ஓடிவந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தப் பஸ் நகரவே இல்லை. கண்டக்டர் சீட்டு கேட்டபோது, ஊர்ப் பெயர் வாயில் வராமல் கையைக் காட்டினேன். பார்டருக்கு முன்னால் கடைகள் வரிசையாக வந்தன. பட்டப் பகலில் எத்தனை பேர் நிற்கிறார்கள். அவருடைய ஊதாச் சட்டை எங்காவது தெரிகிறதா என்று ஒவ்வொரு முதுகாகத் தேடினேன். குழந்தையை விட்டுவிட்டு வந்தாரா, தூக்கிக்கொண்டு வந்தாரா? ரத்தம் யாருடையது? அந்த ஆளை நம்பிப் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தாயே, நீ ஒரு தாயா என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அவரைத் திட்டினதை இங்கே எழுத முடியாது.

வாசலில் கெங்கம்மாள் அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. பாப்பா பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கின மாதிரி வாங்கி, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

உள்ளே அவர் தரையில் முட்டிபோட்டிருந்தார். வலது காலில் பாப்பாவின் துணியைச் சுற்றியிருந்தார், துணி சிவந்திருந்தது. போனில் லைட்டைப் போட்டுத் தரையோடு தரையாகப் பிடித்து, ஈரத் துணியால் ஒவ்வொரு இடமாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். முறத்தில் கண்ணாடித் துண்டுகள். அதில் ஒன்றில் சிவப்புக் கோடும் நூற்றைம்பது என்ற எண்ணும் தெரிந்தன. பக்கத்தில் பாலில் நனைந்த சாக்ஸ்.

"பாப்பா எட்டி ஒதச்சிடுச்சி வாணி" என்றார் நிமிராமல். "உரல்ல பட்டு செதறிப்போச்சி. அவள வெளிய தூக்கினு போவும்போது என் காலுதான் மிதிச்சிடுச்சி. அவளுக்கு ஒண்ணும் இல்ல. தவழ்ற கொழந்த, ஒரு பொடி கூட இருக்கக் கூடாது. அதான் போன எடுக்கல."

எல்லாம் கண்ணெதிரில் இருந்தது. பால் இருந்தது, சாக்ஸ் இருந்தது, அளவுக் கோடு போட்ட கண்ணாடி இருந்தது. கண்ணில்லாதவளுக்குக்கூடப் புரிந்திருக்கும். ஆனால் நான் அவர் கையைப் பார்த்தேன். ஈரத் துணியைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஊது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னா?"

"ஊதுய்யா."

ரோட்டில் போலீஸ்காரர்கள் வண்டியை மறித்துச் சொல்வார்களே, அந்தக் குரல். அது என் தொண்டைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கெங்கம்மாள் அக்கா வாசற்படியில் திரும்பி நின்றுகொண்டது. அவர் முட்டிபோட்டபடியே முகத்தைத் தூக்கி, நான் குனிய, என் மூக்குக்கு நேரே ஊதினார். டீ வாசனை. கொஞ்சம் பசி வாசனை.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் ஊதினார்.

"நான்தான் பாத்தனேம்மா" என்றது கெங்கம்மாள் அக்கா, தெருவைப் பார்த்தபடி. "கொழந்ததான் ஒதச்சிது. அவன் மேல தப்பில்ல." சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டது.

மன்னிச்சிக்கோ மாமா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காலுக்குத் தையல் போடணுமா?" என்றுதான் வந்தது. வேண்டாம் என்றார். மறுபடி லைட்டைத் தரையில் பிடித்துத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் நான் கிளம்பும்போது, "வரும்போது பிளாஸ்டிக்கே ஒண்ணு வாங்கினு வந்துடு" என்றார்.

"இன்னொரு கண்ணாடி இருக்குதே மாமா."

"வேணாம். நீ அங்க நிம்மதியா வேல செய்யணும்ல."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலாம். பாப்பாவுக்கு ஜலதோஷம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். மிச்சமிருந்த கண்ணாடி பாட்டிலைத் துடைத்து, சாக்ஸோடு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நான் வாங்கிவந்த பிளாஸ்டிக் பாட்டிலை அவர் வேகவைக்கவில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் கொடுத்தார். துணி விரிப்பது, சாய்த்து வைப்பது எல்லாம் நின்றுபோனது. அதற்குத் தேவையும் இல்லை.

அன்று சாயந்தரம் நான் செருப்பைக் கழற்றும்போது வாசலுக்கு வந்தார். பாப்பா தோளில் இருந்தாள். என் முகத்துக்குக் கிட்டே வந்து நின்று, 'ஃபூ' என்று ஊதினார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும்.

"இன்னா மாமா இது, அசிங்கமா. வேணாம் வுடு."

"இருக்கட்டும்மா. ஒரு தரம் பாத்துட்டியானா உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் பேஜாரு இல்ல."

நான் அழுதுகூடப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. ஒரு மாதம் தாண்டியும் தினமும் நடக்கிறது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் வேண்டாம் என்று வாய் சொன்னாலும், அவர் ஊதுகிற நேரத்தில் என் மூக்கு தன் வேலையைப் பார்த்துவிடுகிறது. டீ வாசனைதான், வேறொன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கைப்பையைக் கீழே வைக்கிறேன். அது அவருக்கும் தெரியும்.

நேற்று பஸ் சீக்கிரம் வந்துவிட்டது, வெயில் இருக்கும்போதே வீடு வந்தேன். பாப்பாவுக்குப் பத்து மாதம் முடியப் போகிறது, இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பின்னால் விழுந்துவிடாமல் அவர் இரண்டு கையையும் விரித்துக் குத்துக்காலிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குதிப்பாள், அம்மா என்று கத்துவாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் குதிக்கவில்லை. ரொம்பப் பொறுப்பாக முகத்தைத் தூக்கி, உதட்டைக் குவித்து, எச்சில் தெறிக்க 'ஃபூ' என்று என்னை நோக்கி ஊதினாள். ஊதிவிட்டு, நான் குனிவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன். அவள் இன்னொரு தரம் ஊதினாள். பால் வாசனை அடித்தது.