அக்காவிடம் சொல்லாதது

சாயங்காலம் ஆகிவிட்டால் குய்ஜியின் வீட்டு முன்னறையில் உட்கார இடம் கிடைக்காது. திடுக்கிட்டு எழும் பிள்ளை, ராத்திரியெல்லாம் வீறிட்டு அழும் பிள்ளை, சோறு இறங்காத பிள்ளை என்று தூக்கிக்கொண்டு கடற்கரைச் சனம் முழுக்க அவளிடம்தான் வரும். கிண்ணத்தில் அரிசியைத் தலைதட்டி நிரப்பி, பிள்ளை உடுத்திய சட்டையால் இறுகச் சுற்றிக் கவிழ்த்து, நெஞ்சிலும் முதுகிலும் காட்டி, பேர் சொல்லி, பயத்தில் விலகிப்போன உயிரை வீட்டுக்கு அழைப்பாள். பிறகு சட்டையைப் பிரித்து, அரிசியில் விழுந்திருக்கும் குழியைப் பார்த்து, நாய் குரைத்ததா பட்டாசு வெடித்ததா என்று சொல்லிவிடுவாள். வாயும் சும்மா இருக்காது. "நாயெல்லாம் ஒண்ணும் இல்ல. நீயும் உன் புருஷனும் கத்துற கத்துல பிள்ளை மிரண்டு கெடக்கு. ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருங்க, சரியாப் போயிடும்" என்பாள்.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதில் உட்கார்ந்திருப்பவள் பிஷியா, குய்ஜியின் தம்பி மிங்தாங்கின் மனைவி. பகலெல்லாம் சிப்பி உடைத்துவிட்டு, கையில் அந்த வாடை போகும் முன்பே இங்கே வந்துவிடுவாள். அக்காவுக்கு ஒத்தாசை என்று ஊர் நினைத்தது. அவள் வருவது வேறு காரியத்துக்கு.

இந்த வருஷ வசந்தத்தில் கை, கால், வாயெல்லாம் கொப்புளம் போடும் காய்ச்சல் தைவான் தீவு முழுக்கப் பரவியது. மாட்சு அம்மன் ஊர்வலத்தில் பட்டாசு வெடித்த மறுநாள் பிஷியாவின் மூன்று வயது மகள் ஆ-லிங் தூக்கத்தில் திடுக் திடுக்கென்று துள்ளினாள். பட்டாசுக்குப் பயந்துவிட்டாள் என்று குய்ஜியிடம் கொண்டுவந்தார்கள். அரிசி காட்டி முடிப்பதற்குள் குழந்தை அத்தை மடியிலேயே அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். விடிவதற்குள் மூச்சுத் திணறியது. ஜியாயி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை.

அங்கேதான் டாக்டர் சொன்னார். அந்தத் துள்ளல் பயத்தால் வந்ததல்ல, ஊரில் பரவிய அந்தக் காய்ச்சலின் கிருமி மூளைக்குள் ஏறியதற்கு அடையாளம். அதன் பிறகு வந்தது தூக்கமல்ல, நினைவு தப்பிக்கொண்டிருந்திருக்கிறது. துள்ளியபோதே கொண்டுவந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும். மிங்தாங் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். வெளியே வந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டா" என்றான். அம்மா இல்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். பிஷியா சரி என்றாள். காய்ச்சல் திடீரென்று ஏறிவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். குய்ஜி நம்பினாள். அன்றிலிருந்து டிவியில் இந்த நோயைப் பற்றி வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவாள்.

இலையுதிர் காலத்தில் நோய் மறுபடி தலைகாட்டியது. சுகாதார நிலையத்து நர்ஸ் குய்ஜியைப் பார்க்க வந்தாள். காய்ச்சல் இருந்தால், வாயில் புண் இருந்தால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள் என்றாள். மூன்றாவதாக ஒன்று சொல்ல வந்தவளைப் பிஷியா வாசலுக்கு வெளியே இழுத்துப்போய் நிறுத்தினாள். "துள்றதப் பத்தி, தூங்கிப்போறதப் பத்தி அவங்ககிட்டப் பேசாதீங்க. தினமும் நான் இங்க உக்காந்து பாத்துக்கறேன்." அதிலிருந்துதான் அந்த முக்காலி. வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், துள்ளுகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறதா என்று. சந்தேகமாக இருந்தால் அக்கா காதில் விழாமல் எச்சரித்து வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். இதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

இன்றைக்கு வந்தவன் கேட்கிற ஆளாக இல்லை. பெரிய ரோட்டில் பாக்குக்கடை வைத்திருக்கும் ஜின்லாய். தோளில் இரண்டு வயது மகள். அவள் ஒருமுறை துள்ளியதைப் பிஷியா பார்த்துவிட்டாள்.

"இது பயம் இல்ல. நேரா ஜியாயிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"காலைலதாங்க டாக்டர்கிட்ட காமிச்சேன். காய்ச்சல் விட்டே ரெண்டு நாளாச்சு. மத்தியானம் கடை முன்னாடி லாரி டயர் வெடிச்சுது, அதுலேர்ந்துதான் இப்பிடி. உங்களுக்கென்ன, நான் கடையச் சாத்திட்டு வந்திருக்கேன்."

"யாரு வாசல்ல? உள்ள வாப்பா" என்று குய்ஜி குரல் கொடுத்தாள்.

அவன் உள்ளே போய்விட்டான். பிஷியா பின்னாலேயே போனாள். குய்ஜி வழக்கம்போல விசாரித்தாள். காய்ச்சலா, இல்லை. வாய்ப்புண்ணா, ஆறிவிட்டது. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தில் அரிசி அள்ளினாள். குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாரேன், மடில போட்டதும் தூங்கிட்டா" என்றாள் குய்ஜி. முகத்தில் ஒரு கனிவு. "எங்க ஆ-லிங்கும் இப்பிடித்தான். கடைசியா ஒரு நல்ல தூக்கம் என் மடிலதான் தூங்கினா. அது ஒண்ணாவது கொடுத்துவெச்சுது எனக்கு."

பிஷியா குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். பேர் என்ன என்று கேட்டு, யுன்-யுன், யுன்-யுன் என்று கூப்பிட்டாள். கண் திறக்கவில்லை. கை மட்டும் ஒருமுறை வெட்டியது. ஜின்லாயை வெளியே இழுத்துப்போய் மெதுவாகச் சொல்லலாம். ஆனால் அவன் வரமாட்டான். அவன் கண் முழுக்க அக்காவின் அரிசிக் கிண்ணத்தில் இருந்தது.

"தம்பி, இங்க பாருங்க" என்றாள். குரல் அறை முழுக்கக் கேட்டது. "என் பொண்ணும் இப்பிடித்தான் துள்ளினா. பட்டாசுன்னு நெனச்சோம். இதே மடில, இதே மாதிரி தூங்கினா. சரியாப் போச்சுன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போனோம். அது தூக்கம் இல்ல தம்பி, நெனவு தப்புறது. கிருமி மூளைக்குப் போனா அப்பிடித்தான் ஆகும், காய்ச்சல் விட்டுட்டாலும் ஆகும்னு டாக்டர் சொன்னார். முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாம்னார். எனக்கு அன்னிக்கி இதச் சொல்ல ஆள் இல்ல. உங்களுக்கு நான் சொல்லிட்டேன். உங்க பிள்ளை, இனி நீங்கதான் முடிவு பண்ணணும்."

ஜின்லாய் மகளைப் பார்த்தான். "யுன்-யுன்" என்று தானும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். அப்புறம் குய்ஜியின் மடியிலிருந்து அவளை வாரிக்கொண்டு ஓடினான். காத்திருந்தவர்களில் ஒருவர் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிட்டார்கள்.

குய்ஜி கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அறை காலியானதும், "பிஷியா" என்றாள். "அந்த ஆளு பயந்து ஓடணும்னுதானே அப்பிடிச் சொன்ன?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிங்தாங்குக்குக் கொடுத்த வாக்கும் இருக்கும், இந்தக் கிழவியின் ராத்திரித் தூக்கமும் இருக்கும். பிஷியா வாயைத் திறந்தாள். நாளைக்கும் இந்த அறைக்குப் பிள்ளைகள் வரும். தனக்கு ஒருநாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் அந்த முக்காலியில் உட்கார ஆளில்லை. குய்ஜி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற கண்ணோடு.

"இல்லக்கா" என்றாள். "நடந்ததத்தான் சொன்னேன்."

குய்ஜி தலையை ஆட்டினாள். ஆ-லிங்கைக் கொண்டுவந்த நாளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"பால் குடுக்கணும், எழுப்பட்டுமான்னு கேட்ட" என்றாள். "நான்தான் எழுப்பாத, நல்லாத் தூங்கட்டும்னேன்."