டேங்கில் படிந்த பதில்கள்

சொல்லாமல் விழுங்கும் பதில்கள் எங்கள் ஊரில் காரின் பெட்ரோல் டேங்கில் போய்ச் சேரும். கார் இல்லாதவர்களுக்கு எங்கே சேரும் என்று நான் விசாரித்ததில்லை. என்னிடம் கார் இருந்தது. எண்பத்தெட்டாம் வருட மாடல். பத்தொன்பது வருடமாக அதில்தான் அலுவலகம் போய் வந்தேன்.

ஒரு மாதமாக வண்டிக்குத் திடீர் திடீரென்று பிக்கப் போய்விடும். மிதித்தால் உறுமும், நகராது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை என் மகள் காந்திமதிக்கு நுழைவுத் தேர்வு. மையம் பஸ் போகாத ஒரு கல்லூரியில். ஒன்பதரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அழுதாலும் திறக்க மாட்டார்கள். சனிக்கிழமை காலையிலேயே மெக்கானிக் செய்யது மீரானிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

"எப்பம் படுத்துது அண்ணாச்சி? ஏத்தத்துலயா, சமதரையிலயா?"

"சொல்ல முடியல பாய். இங்க வந்தா ஒழுங்கா ஓடுது."

"எல்லா வண்டியும் அப்படித்தான். டாக்டரைக் கண்டா காய்ச்சல் ஓடிப்போகும்."

மீரான் அவசரப்படுகிற ஆள் இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரை ஊதினார். தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார், வண்டி பறந்தது. பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே பாதையில் போனார். எங்கள் அலுவலக சூப்பிரண்டு வேலாயுதப் பெருமாளின் வீடு இருக்கிற மேட்டில் வண்டி படுத்துவிட்டது. என்னை இறங்கச் சொன்னார். இறங்கினேன். வண்டி சிரமமில்லாமல் மேடேறியது.

"டேங்க்ல வண்டல்," என்றார். "நீங்க உள்ள இருந்தா அதுக்குத் தெம்பு வந்துருது. மேட்டுல டியூப்பை வந்து அடைக்கு."

டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது ஒரு கேன் நிறைய வந்தது. எல்லாம் நான் வேலாயுதப் பெருமாளிடம் சொல்லாமல் விட்டவை. வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்க முடிந்தது. 'உங்க நாய்க்கு ஊசி போட நான் எதுக்கு சார் லீவு போடணும்?' 'ஃபைலைத் தொலைச்சது நீங்க, மெமோ எனக்கா?' இவ்வளவு நல்ல பதில்களை வைத்துக்கொண்டா பத்தொன்பது வருடம் பல்லிளித்தோம் என்று வெட்கமாக இருந்தது. மீரான் வாசிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது தொழில் மரியாதை.

"வாய்க்கால்ல கொட்டிராதீங்க," என்றார். போன வருடம் யாரோ அப்படிக் கொட்டி, கீழத்தெருவில் அத்தனை மாமியார்களுக்கும் ஒரே நாளில் பதில் கிடைத்துவிட்டது. "உரியவங்க கையில குடுத்துருங்க. இல்லன்னா திரும்ப டேங்குக்கே வந்துரும்."

ஞாயிறு காலை, காந்திமதி பின்சீட்டில் ஹால் டிக்கெட்டோடு உட்கார்ந்திருக்க, எட்டே முக்காலுக்கு சூப்பிரண்டு வீட்டு வாசலில் நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. அவர் பனியனோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேனை இரண்டு கையாலும் நீட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"பத்தொம்பது வருஷத்துக்கு இது கம்மிதான்வே," என்றார்.

உள்ளே போய் இரண்டு கேன்களைத் தூக்கிவந்தார். "இது நம்ம டைரக்டர்கிட்ட நான் சொல்லாதது. பெரிய டேங்க், ரெண்டு கேன் வந்துட்டு. முதல்ல இதை அவரு பங்களாவுல குடுத்துட்டு, பொறவு பரீட்சைக்குப் போரும்."

பங்களா ஊரின் மறுகோடியில் இருக்கிறது. எனக்குத் தொண்டைவரை பதில் வந்தது.

"சரிங்க சார்," என்றேன்.

டேங்கில் 'டொப்'பென்று ஏதோ விழுந்தது. என்ஜின் நின்றது.

காந்திமதி கண்ணாடியை இறக்கினாள். "முடியாது அங்கிள். எனக்குப் பரீட்சை," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வண்டி தானாகக் கிளம்பியது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. பின்சீட்டிலிருந்து அவள் எழுந்திருக்கவும் இல்லை. மேட்டில் ஏறி, வளைவில் திரும்பிப் போய்விட்டது. ஒன்பது பத்துக்கே சேர்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

"பிள்ளையை வளத்திருக்கிற லட்சணம்," என்றார் சூப்பிரண்டு. அதற்கும் என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சிரித்தேன்.

இரண்டு கேன்களையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். முதல் மேட்டிலேயே காலில் பிக்கப் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியானது. அடுத்த மேட்டில் மறுபடி போனது. பங்களாவுக்குப் போகாமல் மீரானின் பட்டறைக்குத் திரும்பினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏத்தத்துலயா அண்ணாச்சி, சமதரையிலயா?"

"இப்பம் ரெண்டுலயும் பாய்."

தரையில் சாக்கை விரித்து என்னைப் படுக்கச் சொன்னார். "மொதல்ல பிளக்கைப் பாத்துருவோம்," என்று ஸ்பேனரை எடுத்தார். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.