டாலண்ட் பாதையில் கடைசி வண்டி

முன்னால் போகிற ஆறு வண்டிகளின் புழுதியைத் தின்றுகொண்டு கடைசியில் வருவதுதான் என் வேலை. வெர்னா எத்தனையோ தடவை ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்தவள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கடந்தது உண்மைதான். பார்த்தது என்னவோ சிவப்புத் தூசியும் எனக்கு முன்னால் போகிறவரின் பின்பக்க டயரும்தான்.

முதல் வண்டி என் கணவன் லாயிட்டுடையது. எட்மண்ட் டாலண்ட் என்பவர் அந்தக் காலத்தில் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு நாடு காணப் போன வழியில், ஆட்களை அவரவர் வண்டியோடு கூட்டிப்போவது எங்கள் பிழைப்பு. இங்கேதான் டாலண்ட் முகாம் போட்டார், இங்கேதான் தண்ணீர் தீர்ந்தது, இந்தக் கிணற்றைத்தான் அவர் கண்டுபிடித்தார் என்று லாயிட் காட்டிக்கொண்டே போவான். அந்தக் கிணற்றில் வாங்கங்குரு பழங்குடி மக்கள் காலங்காலமாகத் தண்ணீர் குடித்து வந்தார்கள். டாலண்டை அங்கே கூட்டிப்போனதே அவர்களில் ஒரு பெண்தான். லாயிட் அதையும் ஒளிக்காமல் சொல்வான். கேட்டதும் சிலர் தலையைக் குனிந்துகொண்டு காலால் மணலைக் கிளறுவார்கள்.

புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால். வழி தெரிந்தவன் முதலிலும், மணலில் புதைந்த வண்டியை இழுத்துவிடத் தெரிந்தவள் கடைசியிலும் இருந்தால்தான் கூட்டம் நகரும். நடுவில் இருப்பது ரேடியோ. எங்கள் தாம்பத்தியத்தில் பாதி அதில்தான் நடந்திருக்கிறது. ஒருவர் பேசுவது எல்லா வண்டியிலும் கேட்கும் என்பதால் சண்டை போட முடியாது. ஒரு வகையில் அதுவும் நல்லதுக்குத்தான்.

ஏப்ரலில் கண் டாக்டர் லாயிட்டிடம் சொல்லிவிட்டார். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று. லாயிட் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"டவுன்லதானே ஓட்டக் கூடாது? பாலைவனத்துல என்ன சிக்னலா இருக்கு?"

"மனுஷங்க இருக்காங்க."

"ஒரே ஒரு தடவை வெர்னா. இந்த சீசனோட சரி. எல்லாரும் பேரு குடுத்துட்டாங்க. என்னோட வரத்தான் குடுத்திருக்காங்க."

ஒரு மாதம் சண்டை. பக்கத்து இருக்கையில் யாரையாவது உட்கார வைத்துக்கொள் என்றேன். அங்கே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் இருக்கிறது என்றான். வேறு யாராவது முன்னால் போகட்டும் என்றேன். அதைக் கேட்டதும் தோட்டத்துக்குப் போய்விட்டான். கடைசியில் சரி என்றேன். அவன் ஜெயிக்கவில்லை, எனக்கு அலுத்துப்போய்விட்டது. யாருடைய தலையும் உடையக் கூடாது, இவன் மானமும் போகக் கூடாது, எப்படியாவது பாலைவனம் தாண்டி பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பயம் மணல்மேட்டின் உச்சியில்தான். மேற்கிலிருந்து போகிற எங்களுக்கு ஏற்றம் சாதாரணம். எதிரே கிழக்கிலிருந்து வருகிறவனுக்கு அது செங்குத்து. அவன் வேகமெடுத்துத்தான் ஏறியாக வேண்டும், நடுவில் நிறுத்தினால் புதைந்துவிடுவான். உச்சிக்கு வரும்வரை இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அதற்காகத்தான் எல்லா வண்டியிலும் நெட்டைக் கம்பு நட்டுக் கொடி கட்டுவது. மேட்டுக்கு மேலே கொடி ஆடினால் நின்றுவிட வேண்டும். பாதை வளைவதை லாயிட்டால் ஓரக்கண்ணால் பிடித்துவிட முடியும், முக்கால்வாசி அவனுக்கு மனப்பாடம் வேறு. ஆனால் நேர் எதிரே ஆடும் கொடி? அவன் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் ஏறி மறையும்போது நான் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

இந்தப் பதற்றம் போதாதென்று இரண்டாவது வண்டியில் நோலா. கடினாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். புருஷன் பெர்சி பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பார், இவள் ஓட்டிக்கொண்டே ரேடியோவில் பேசுவாள். ஓயாமல் பேசுவாள்.

"லாயிட்டு, இடது பக்கம் அந்தப் புதரைப் பாருங்களேன், என்ன அழகு! பாதை அப்படியே வலது பக்கமா வளைஞ்சு போறதும் ஒரு அழகுதான்!"

"பாத்தேன் நோலா."

"அய்யே, முன்னாடி எவ்ளோ பெரிய குழி! இதுல எங்க பெர்சியவே குளிப்பாட்டலாம்!"

"பாத்தேன், பாத்தேன்."

"அங்க மேட்டுக்கு மேல ஒரு கொடி ஆடுது பாருங்க, நமக்கு டாட்டா காட்டுறாங்க போல!"

லாயிட் நின்று எதிர்வண்டிக்கு வழிவிடுவான். எனக்கோ காது வலித்தது. பதினெட்டு வருஷம் வால் வண்டி ஓட்டியவளுக்கு ரேடியோவில் வெட்டிப் பேச்சு ஆகாது. அது அவசரத்துக்கு என்று இருப்பது. யாராவது புதைந்து, உதவி கேட்க நினைக்கும்போது இவள் புதரை வர்ணித்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

மூன்றாம் நாள் தேநீருக்கு நின்றபோது அவளிடம் போனேன்.

"நோலா, உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடக் கூடாதா? ரேடியோ ஊர்க்கதை பேசுறதுக்கு இல்லம்மா."

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்ன பண்றது வெர்னா, பிள்ளைங்களோட கத்திக் கத்திப் பழகின வாயி. நிக்க மாட்டேங்குது" என்றாள். பெர்சி பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெண்டாட்டியைச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் டாலண்ட் கடைசியாக முகாமிட்ட இடத்தில் நெருப்பு மூட்டினோம். லாயிட் வழக்கம்போல எழுந்து நின்று கதை சொன்னான். தண்ணீர் தீர்ந்தது, ஓர் ஒட்டகத்தைக் கொன்றது, திரும்புவதா வேண்டாமா என்ற சச்சரவு எல்லாம் வந்தன. அவன் ரசித்துச் சொல்லும் இடம் அதற்கு அப்புறம்தான். கண்நோய் வந்து டாலண்டின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட, கூட வந்த ஒருவர் அவருடைய ஒட்டகத்தைத் தன் ஒட்டகத்தோடு கயிறு போட்டுக் கட்டி இழுத்து வந்தார். இந்த வருஷம் லாயிட் அதைத் தாண்டிக் குதித்துவிட்டான். "அப்புறம் ஊர் வந்து சேந்தாங்க" என்று உட்கார்ந்துவிட்டான்.

பல் டாக்டர் கேவன், "ஏன் லாயிட், டாலண்டோட கண்ணு..." என்று ஆரம்பித்தார். அவர் மனைவி அவர் கையில் ஒரு ரொட்டித் துண்டைத் திணித்தாள். பெர்சி இருமினார். எல்லோருக்கும் திடீரென்று நெருப்பின் மேல் அக்கறை வந்துவிட்டது. கேவனுக்குப் பசி போல என்று நினைத்துக்கொண்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். எவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன்!

மறுநாள் காலை, கிளம்பும் முன் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். "இன்னிக்குத்தான் பெரிய மேடுங்க. ரேடியோவில அவசரம்னா மட்டும் பேசுங்க. புதரு, பூவு, குழி எல்லாம் சாயங்காலம் பேசிக்கலாம்."

நோலா வாயைத் திறந்தாள். லாயிட் பக்கத்தில் நின்றிருந்தான். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

ரேடியோ அமைதியாகிவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒரு மணி நேரம் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறில்லை. மேட்டுக்கு மேடு லாயிட் மட்டும், "ஏழு வண்டி கிழக்கால போறோம், எதிர்ல யாராவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே போனான். பதில் இல்லை.

அப்புறம் ரேடியோவில் நோலா அலறினாள்.

"நில்லு! லாயிட்டு, நில்லு!"

நான் இருந்த இடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மணலில் ஓடுவது என் வயசுக்கு ஓட்டமே இல்லை. நெஞ்சு அடைக்க மேலே போய்ப் பார்த்தால், லாயிட்டின் வண்டி உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒருக்களித்துப் பக்கச் சரிவில் இறங்கி நின்றது. எதிரே வந்த பண்ணைக்காரனின் வண்டி மறுபக்கம் புதருக்குள் மூக்கை விட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம்தான். யாருக்கும் அடியில்லை.

"கொடி கண்ணுக்குத் தெரியலையாய்யா உனக்கு?" என்று பண்ணைக்காரன் கத்தினான். "இம்மாம் பெரிய கொடி! குருடனா நீ?"

"நீங்க ரேடியோவுல பதில் சொல்லலையே!" என்று கேவன் எதிர்த்துக் கத்தினார். அவன் ரேடியோ வேறு சேனலில் இருந்ததாம். அதற்கு மேல் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். லாயிட் வண்டியின் நிழலில் போய் உட்கார்ந்தான்.

நோலா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"கொடிய முதல்லயே பாத்துட்டேன் வெர்னா. மைக்கையும் கையில எடுத்துட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல. 'லாயிட்டு, கொடி'ன்னா உங்களுக்குத் தெரிஞ்சு போயிடுமேன்னு... ஒரு நிமிஷம் யோசிச்சிட்டேன். அந்த ஒரு நிமிஷம்..."

"எனக்கு என்ன தெரிஞ்சு போயிடும்?"

பெர்சிதான் சொன்னார். "அவருக்குக் கண்ணு தெரியலைங்கிறது. முதல் நாளே எங்களுக்குப் புரிஞ்சிருச்சும்மா. டீ கப்பை நீட்டுனா கையத் தள்ளி நீட்டுறாரு. உங்களுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் நாங்க எல்லாரும்..."

எல்லாரும். கேவன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி என் தோளில் கை வைத்தாள், நான் தட்டிவிட்டேன். ஏழு வண்டியில் ஆறு வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியத்தை, நான் ஒருத்தி மட்டும் சுமக்கிறேன் என்று ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறேன். அவர்களோ என்னிடமிருந்து அதை மறைக்கப் புதரையும் குழியையும் வர்ணித்திருக்கிறார்கள். அந்த வாயைத்தான் நான் காலையில் அடைத்தேன். இப்படிச் சுற்றிச் சுற்றி நல்லவர்களாக இருந்தே ஒருவரை ஒருவர் கொன்றிருப்போம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

லாயிட்டிடம் போனேன்.

"எல்லாருக்கும் தெரியுமாமே."

"தெரியும்."

"அவங்களுக்குத் தெரியும்கிறது உனக்குத் தெரியுமா?"

"நான் குருடு வெர்னா, செவிடு இல்ல. பஸ்காரி ஒருத்தி மூணு நாளா புதரை வர்ணிச்சா எதுக்குன்னு புரியாதா எனக்கு?"

"காலையில அவ வாய அடைச்சப்ப நீயும் அங்கதானே நின்னே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா சாவியக் கேட்டிருப்பே."

"இப்பக் கேக்குறேன்."

அவன் மணலை அள்ளி விரல்களுக்கு நடுவே விட்டுக்கொண்டிருந்தான். "பெரிய மேடு இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. நோலா பேசட்டும். நான் மெதுவாப் போறேன்."

"ஒரு மேடுகூட வேணாம் லாயிட். என்னால முடியல. நீ ஒவ்வொரு தடவை ஏறி மறையுறப்பயும் நான் உனக்குச் சாவு எடுத்துட்டு உக்காந்திருக்கேன். பின்னாடி இருக்கிறவங்களுக்கும் சேத்து எடுத்துட்டேன். அலுத்துப் போச்சு. அந்த ஆளு பொண்டாட்டி பிள்ளைங்களோட வந்திருந்தா?"

பண்ணைக்காரன் பக்கம் அவன் திரும்பவில்லை. கையிலிருந்த மணலை உதறிவிட்டுச் சாவியை எடுத்து என் பக்கமாக எறிந்தான். அது எனக்கு ஓரடி தள்ளி விழுந்தது. குனிந்து எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சாவியை நான் தொட்டதே இல்லை.

பிறகு வேலைதான். பண்ணைக்காரன் வண்டியை இழுத்துவிட்டோம், அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். வால் வண்டியை நோலா எடுத்துக்கொண்டாள். பெர்சி இரண்டாவதை ஓட்டினார். லாயிட் பக்கத்து இருக்கையிலிருந்த மெஷினை வெளியே தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, நான் சொல்லாமலே ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

முதல் வண்டியில் புழுதியே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலை வெயிலில் சிவப்பாக, மேட்டுக்கு மேடு, காற்று வாரி விட்ட கோடுகளோடு கிடந்தது பாலைவனம். இவ்வளவு நாள் இவன் தினமும் இதைப் பார்த்திருக்கிறான், நான் டயரைப் பார்த்திருக்கிறேன். பொறாமையாகக்கூட இருந்தது. ஏன் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றான் என்பது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

லாயிட் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வந்தான். ஒரு மேடு ஏறி இறங்கினோம், இன்னொன்றும் ஆயிற்று. அப்போதும் திரும்பவில்லை. வீட்டிலும் இதே கதைதான். ஏப்ரலிலிருந்து சாப்பாட்டு மேசையில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறான், படுக்கையிலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறான். கோபம் என்று நானும் விட்டுவிட்டேன். இன்று என்னால் விட முடியவில்லை.

"கோவம்னா வாயத் திறந்து கோவம்னு சொல்லு. இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வராதே."

"திருப்பல வெர்னா" என்றான். "நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்கிற இடத்துல கறுப்பா ஒரு ஓட்டைதான் இருக்கு. இப்படி அந்தப் பக்கம் பாத்தாத்தான் நீ தெரியுற."

எனக்கு எதிரே இருந்த பாதையெல்லாம் கலங்கிப் போயிற்று. வண்டியை நிறுத்தினேன். பெர்சி ரேடியோவில், "என்னாச்சும்மா, கொடி ஏதாவது?" என்று கேட்டார். லாயிட் தடவித் தடவி மைக்கை எடுத்து, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் பொறுங்க" என்றான். அப்புறம் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.