நெறிமுறை வகுப்புக்கு ஓர் ஓட்டு

மார்க்கெட்டிங் பேராசிரியருக்கு மூன்று வருடமாக வயிறு எரிகிறது. காரணம், மனைவியின் தங்கை. தான் வேலை பார்க்கும் நிர்வாகவியல் கல்லூரியிலேயே அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அவள் நடத்துவது வணிக நெறிமுறை. விருப்பப் பாடம், அதுவும் சனிக்கிழமை மத்தியானம். மதிப்பெண்கூடக் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் இடம் இல்லாமல் தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். இவர் வகுப்பிலோ வருகைப்பதிவு கட்டாயம். அப்படியும் கடைசி மூன்று வரிசை கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும்.

இப்போது இயக்குநர் அவள் பாடத்தைக் கட்டாயப் பாடமாக்கப் போகிறாராம். கால அட்டவணையில் இடம் வேண்டுமே! மார்க்கெட்டிங்கின் நாற்பது மணி நேரத்தில் பத்தை வெட்டினால் போதுமாம். பாடத்திட்டக் குழுவில் ஏழு பேர். மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு என்பது கல்லூரிக்கே தெரியும். மிச்சம் இருப்பது இவர் ஓட்டு.

எதிர்த்துப் போட்டால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ஆதரித்தால் தூக்கம் வராது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்துவிட்டு, கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“அவங்க என் மச்சினி. நான் ஓட்டுப் போடறது சரியா இருக்காது. விலகிக்கறேன்.”

மூன்றுக்கு மூன்று. பெரும்பான்மை இல்லாமல் தீர்மானம் விழுந்தது. தீர்மானம் போனாலும், நேர்மையைப் பாராட்டி இயக்குநர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை, அவள் முகம் எப்படித் தொங்கிப்போயிருக்கிறது என்று பார்க்க ஆசை. இப்படியும் ஓர் ஆசை! ஏதோ ஒரு ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வகுப்புப் பக்கம் நடந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

“ஒரே ஒரு ஓட்டுல போச்சு,” என்று அவள் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “அது எங்க அத்தானோட ஓட்டு. போட்டிருந்தா எனக்குத்தான் போட்டிருப்பாரு. நான் சொந்தக்காரிங்கற ஒரே காரணத்துக்காக விலகிட்டாரு. எனக்கு வருத்தம்தான். ஆனா நான் மூணு வருஷமா வாயால சொன்னதை அவரு ஒரு நிமிஷத்துல செஞ்சு காட்டிட்டாரு.”

யாரோ ஒரு பெண் முதலில் கைதட்டினாள். பிறகு வகுப்பே தட்டியது. இருபத்திரண்டு வருட வேலையில் மாணவர்கள் இவருக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே போய், ‘அப்படியெல்லாம் இல்லம்மா’ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. ஆனால் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். தனக்கு விழுந்த கைதட்டலைக்கூட அவள்தான் வாங்கிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.