யார் வைத்த சிலை

ரோம் நகரச் சதுக்கத்தில் பேச்சு மேடைப் பக்கத்துச் சிலைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். செனட்டோ மக்கள் சபையோ தீர்மானம் போட்டு வைத்தவை மட்டும் சதுக்கத்தில் இருக்கலாம் என்பது உத்தரவு. குடும்பங்கள் தாமாக வைத்தவற்றை அவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மற்றதெல்லாம் உருக்குவதற்கு.

ஸ்பூரியுஸ் லார்கியுஸ் விடிந்ததுமே தோகா என்ற மேலாடையின் மடிப்பு கலையாமல் வந்து, தன் பாட்டனாரின் வெண்கலச் சிலையருகே நின்றுவிட்டார். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையவில்லை. பின்னால் அவர் தங்கை லார்கியா முக்காட்டோடு நின்றாள்.

எழுத்தர் மேவியுஸ் எழுதும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு வந்தான்.

"ஐயா, சாட்டர்ன் கோயில் பதிவுப் பெட்டகத்துல மூணு நாளா தேடிட்டேன். உங்க பாட்டனாருக்குச் சிலை வைக்கச் சொல்லி எந்தத் தீர்மானப் பலகையும் இல்ல."

"எலி தின்னிருக்கும்."

"உங்க வீட்டுப் பலகையை மட்டும் தேடிப் பிடிச்சா தின்னுச்சு?"

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மேவியுஸ் குரலைத் தாழ்த்தினான்.

"'எங்க குடும்பம் வச்சது'ன்னு இந்த ரெண்டு சாட்சிக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். வண்டிகூட நானே பிடிச்சுத் தரேன்."

லார்கியா அண்ணன் காதருகே வந்தாள். "சொல்லிடுண்ணே. வீட்டு முற்றத்துல நிறுத்திக்கலாம். அப்பா வச்சதுதானே? நீதானே அன்னைக்குக் கயிறு பிடிச்சே?"

"வாயை மூடு."

பிடித்தது உண்மைதான். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கடைகள் திறக்குமுன் நட்டு முடித்துவிட்டார்கள். பதினொரு ஆண்டு கழித்து அப்பா இறந்தார். இறுதிச் சடங்கில், செத்த முன்னோர்களின் முகத்திலிருந்து வார்த்தெடுத்த மெழுகு முகங்களை அணிந்த ஆட்கள் யானைத்தந்த நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருக்க, எதிரிக் கப்பல்களின் மூக்குகள் பதித்த இதே பேச்சு மேடையில் ஏறி, ஊரே கேட்க ஸ்பூரியுஸ் முழங்கினார்: 'என் பாட்டனாருக்கு ரோம் மக்களே வைத்த சிலை, அதோ!' கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் மகன் தேர்தலில் நின்றபோதும் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டான். இன்று மாற்றிச் சொன்னால், அந்த முகங்களுக்கு முன்னால் பொய் சொன்னவன் என்றாகிவிடும்.

"கடைசியாக் கேக்கறேன் ஐயா. யார் வச்சது?"

லார்கியா அவர் முழங்கையை இறுகப் பற்றினாள். அவர் உதறினார்.

"ரோம் மக்கள் வச்சது."

"அப்ப தீர்மானமும் இல்ல, எடுத்துப் போக உங்களுக்கு உரிமையும் இல்லன்னு எழுதிக்கறேன்."

"எழுதிக்கோ."

கயிறு இறுகியது. சிலை கணுக்காலோடு முறிந்து, நீட்டிய கை முதலில் தரையில் பட விழுந்தது. ஒரு விரல் ஒடிந்து லார்கியாவின் காலடிக்கு உருண்டது. அவள் சட்டென்று குனிந்து அதை முக்காட்டுக்குள் மறைத்தாள். மேவியுஸ் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல் அடுத்த சிலைக்கு நகர்ந்தான்.

"கீழ போடு," என்றார் ஸ்பூரியுஸ்.

"விரல்தானேண்ணே. தாத்தா விரல்."

"பொதுச் சொத்து. நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது."

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"நீ செத்தப்புறம் உன் முகத்துக்கு மெழுகு வார்க்க வேண்டியதில்லண்ணே. இப்பவே அப்படித்தான் இருக்கு."

விரலை, உருக்கக் கொண்டுபோகும் வண்டிக்குள் வீசிவிட்டு நடந்தாள். ஸ்பூரியுஸ் அசையவில்லை. பீடத்தில் மிச்சமிருந்த இரண்டு வெண்கலப் பாதங்களையும் உளி வைத்துப் பெயர்த்து முடிக்கும்வரை, நிமிர்ந்தே நின்றிருந்தார்.